உழைப்பைக் காக்காத ஆட்டம்: ஃபைனல் ஃபேண்டஸி 2 பிக்ஸல் ரீமாஸ்டர்

தொண்ணூறுகளில் நம் வீட்டு டிவியில் மாட்டி ஆடிய 'டிவி கேம்' பெட்டிகளில் பெரும்பாலானவை ஜப்பானின் ஃபேமிகாம் கருவியின் நகல்கள். மாரியோ வந்தது, கான்ட்ரா வந்தது. அதே ஃபேமிகாமில் ஜப்பானியப் பிள்ளைகள் விழுந்து விழுந்து ஆடிய ரோல் பிளேயிங் கேம்கள் மட்டும் நம் கைக்கு எட்டவில்லை. அவற்றில் ஆட்டத்தைச் சேமிக்கப் பல கேசட்டுகளுக்குள் பேட்டரி வைத்திருந்தார்கள், மலிவாக நகலெடுக்க அது தடை. வசனம் முழுக்க ஜப்பானிய மொழி. அப்படித் தப்பிப்போன ஒன்று, 1988 டிசம்பர் 17 அன்று வெளியான ஃபைனல் ஃபேண்டஸி 2. பிளேஸ்டேஷனில் முறையான ஆங்கிலப் பதிப்பு வரவே 2003 ஆகிவிட்டது.

ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் இதை 'பிக்ஸல் ரீமாஸ்டர்' என்று புதுப்பித்து, 2021இல் கணினிக்கும் மொபைலுக்கும், 2023 ஏப்ரலில் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4 கருவிகளுக்கும் வெளியிட்டது. துபாயிலிருந்து லீவில் வந்த மச்சானின் ஸ்விட்சில், லப்பைக்குடிக்காட்டில் இதை ஆடிப் பார்த்தேன். ஆட்டத்தில் வரும் காஷுவான் கோட்டையோடு நிறுத்திவிட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பலமீசியப் பேரரசு ஃபின் நாட்டைப் பிடிக்கிறது; பெற்றோரை இழந்த ஃபிரியான், மரியா முதலிய இளைஞர்கள் எதிர்ப்புப் படையில் சேர்கிறார்கள். முதல் சண்டையில் நீங்கள் தோற்றே ஆக வேண்டும், கதை அப்படி. இளவரசி ஹில்டா சொல்லும் 'காட்டு ரோஜா' என்ற ரகசியச் சொல்லை மனப்பாடம் செய்து, உரிய ஆளிடம் சொன்னால்தான் அவர் வாய் திறப்பார். 1988இல் இது துணிச்சலான கதைசொல்லல். அன்று பிக்ஸல் படங்களை வரைந்த கசுகோ ஷிபுயாவே இப்போதும் மெருகேற்றியிருக்கிறார். நொபுவோ உவெமாட்சுவின் இசையைப் பழைய ஒலியிலும் கேட்கலாம், புதிய ஒலியிலும் கேட்கலாம்.

சிக்கல் வளர்ச்சி முறையில் இருக்கிறது. வடிவமைப்பாளர் அகிதோஷி கவாசு 'லெவல்' என்பதையே எடுத்துவிட்டார். வாளை வீச வீச வாள்திறன் கூடும். ஒரு மந்திரத்தைப் போடப் போட அந்த மந்திரம் வலுவாகும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! ஆனால் எதிரி எளியவனாக இருந்தால் திறன் ஏறுவது நின்றுபோகும். உயிர்ப்புள்ளி வேகமாகக் கூட வேண்டுமென்றால் நிறைய அடி வாங்க வேண்டும். அதனால் ஆடுபவர்கள் கண்ட குறுக்குவழி, தங்கள் படையினரையே வெட்டிக்கொள்வது. ஃபிரியானை ஏவி மரியாவை அடித்துவிட்டு, குணமாக்கும் மந்திரத்தை அவள்மேல் போட்டால் இருவருக்கும் லாபம். தோழர்களுக்காகப் போராடும் கதைக்கு இதைவிட முரணான செயல் இருக்க முடியாது.

அடுத்தது குகைகள். வரிசையாகக் கதவுகள், திறந்தால் பெரும்பாலும் வெற்று அறை. வாசலருகே நிற்க மாட்டீர்கள், அறையின் நட்டநடுவே நிற்பீர்கள். வெளியேற எடுத்துவைக்கும் நாலைந்து அடிக்குள் எதிரிகள் வந்து நிற்பார்கள். அங்கே புதையல் கிடையாது, ஒரு வரிச் செய்தியும் கிடையாது. புதிய பதிப்பில் வரைபடம் சேர்த்தவர்கள் இந்த அறைகளை அப்படியே விட்டுவிட்டார்கள்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை நிறுத்த வைத்தது படையின் நான்காவது இடம். அங்கே தோழர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்: மின்வு வருகிறார், ஜோசப் வருகிறார், பிறகு கார்டன். பழக்கிப் பழக்கி ஜோசப்பைத் தேற்றினால், பனிக்குகையில் மற்றவர்களைக் காப்பாற்றி அவர் உயிரை விடுகிறார். கதையாக உருக்கமான இடம். ஆனால் அவருக்காக நாம் உழைத்த உழைப்பும் அவரோடு போய்விடுகிறது. உழைத்தால்தான் வளர்ச்சி என்று சொல்லும் ஆட்டம், அந்த உழைப்புக்கு ஒரு பாதுகாப்பும் தரவில்லை.

கன்சோல் பதிப்பில் எதிரிகள் வராமல் நிறுத்தி வைக்கலாம், வளர்ச்சியின் வேகத்தையும் கூட்டலாம். கதையை மட்டும் பார்க்க நினைப்பவருக்கு இவை உதவும். எனக்கு அது ஆடுவதாகத் தோன்றவில்லை.

கவாசு இந்த யோசனையைக் கைவிடவில்லை என்பதுதான் மகிழ்ச்சியான செய்தி. 1989இல் சாகா வரிசையைத் தொடங்கினார். 1993இல் வந்த ரொமான்சிங் சாகா 2இல், பேரரசர் போரில் இறந்தாலும் அவர் கற்ற திறன் அடுத்த வாரிசுக்குப் போய்ச் சேரும். தலைமுறை மாறும், உழைப்பு நிலைக்கும். 2024 அக்டோபரில் அதன் மறு ஆக்கம் ஸ்விட்சிலும் வந்திருக்கிறது.

நிறை: துணிச்சலான கதை, இசை, புதுப்பித்த படங்கள்.
குறை: அலுப்பூட்டும் பயிற்சி, வெற்று அறைகள், வீணாகும் உழைப்பு.
தீர்ப்பு: கேம் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் முதல் சில மணி நேரம் ஆடிப் பாருங்கள், அலுத்துவிட்டால் தயங்காமல் நிறுத்துங்கள். பழையது, புகழ்பெற்றது என்பதற்காக எந்த ஆட்டத்தையும் முடித்தாக வேண்டிய கட்டாயமில்லை. முதன்முறையாக ரோல் பிளேயிங் கேம் வாங்குபவர்கள் நேராக ரொமான்சிங் சாகா 2 மறு ஆக்கத்தை வாங்கலாம்.