குட்டிக்கு ஒரு கார்டு

ஜானகி விஸ்வநாதனின் ‘குட்டி’யை (2001) மறுபடி பார்த்தேன். சிவசங்கரியின் கதை. கிராமத்துச் சிறுமி சென்னைக்கு வீட்டு வேலைக்கு வருகிறாள். அந்த வீட்டில் எல்லோருமே ராட்சசர்கள் இல்லை, எஜமானியம்மா நல்லவள்தான். அதுதான் உறைக்கிறது. நம் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருக்கிறது. படம் வந்தபோது, வீட்டு வேலை மத்திய சட்டத்தின் தடைப்பட்டியலிலேயே இல்லை. சேர்ந்தது 2006 அக்டோபரில்.

குட்டியாக நடித்த சிறுமிக்கு தேசிய விருது கிடைத்தது. கைதட்டினோம். நடிப்பதும் வேலைதானே என்று எத்தனை பேர் யோசித்தோம்?

2016 சட்டத் திருத்தம், 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றது. சினிமாவுக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்து, 2017-ல் விதிகளும் போட்டார்கள். கலெக்டர் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரம்தான். தொடர்ந்து 3 மணிக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவிகிதம் குழந்தை பேரில் பாங்க்கில் இருக்க வேண்டும். சாப்ளினின் ‘தி கிட்’டில் (1921) நடித்த ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தைப் பெற்ற தாயே கரைத்ததால், கலிஃபோர்னியா 1939-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டுவிட்டது.

குழந்தை சுரண்டப்படவில்லை என்று படத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் விதி. கோடம்பாக்கத்துப் படங்களில் காளைக்கும் கோழிக்கும் கார்டு வந்துவிடுகிறது. குழந்தைக்கான கார்டைத்தான் என் கண் தேடிக்கொண்டே இருக்கிறது.

அடுத்த முறை ஒரு வாண்டு திரையில் உங்களை அழவைத்தால் தாராளமாக அழுங்கள். கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘இந்த ஷாட் எடுத்தப்ப மணி என்ன சார்?’