மாயா ஆஞ்சலோவின் தன்வரலாற்றில் மௌனம்

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் மாயா ஆஞ்சலோ (1928–2014) ஏழு தன்வரலாற்று நூல்களை எழுதினார். முதல் நூலான 'கூண்டுப் பறவை ஏன் பாடுகிறது என்பதை அறிவேன்' 1969இல் வெளிவந்தது. இனவெறியின் ஆவணமாகவே பெரும்பாலும் படிக்கப்படும் இந்நூல், கொடுமைக்கு ஆளான குழந்தை அதன்பின் எப்படி நாட்களைக் கடத்துகிறது என்பதையும் சொல்கிறது.

செயின்ட் லூயிஸ் நகரில், எட்டு வயதில், தாயின் ஆண் நண்பரால் சிறுமி வன்கொடுமைக்கு ஆளாகிறாள். வெளியே சொன்னால் அண்ணன் பெய்லியைக் கொன்றுவிடுவதாக அவன் மிரட்டுகிறான். வழக்கு நடக்கிறது. தண்டனை பெற்றவன் அன்றே வெளியே வருகிறான். பிறகு கொல்லப்பட்டுக் கிடக்கிறான். தன் சொல்தான் அவனைக் கொன்றது என்று சிறுமி முடிவு செய்கிறாள். இனிப் பேசினால் மற்றவர்களும் சாகலாம். ஆகவே பெய்லியைத் தவிர யாரிடமும் பேசுவதில்லை. அவன்மேல் உள்ள அன்பு அவனைக் காக்கும் என்பது அவள் நம்பிக்கை. குழந்தையின் இந்தக் கணக்கை ஆஞ்சலோ திருத்தாமல் அப்படியே எழுதியிருப்பது நூலின் பெரிய பலம்.

உடல் குணமாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும், வீட்டாரின் பொறுமை தீர்கிறது. மௌனம் திமிராகத் தெரிகிறது, அடி விழுகிறது. பேசாத பிள்ளைக்கு 'அழுத்தக்காரி' என்று பெயர் வைப்பது தமிழ் வகுப்பறைகளுக்கும் புதிதல்ல.

பின்னர் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஸ்டாம்ப்ஸ் என்னும் சிற்றூரில் கடை நடத்தும் பாட்டியிடம் அவள் திரும்புகிறாள். அங்கே அவளைப் பேசச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. திருமதி பெர்த்தா பிளவர்ஸைப் போற்றும் வாசகர்கள் பாட்டி வீட்டின் இந்தப் பொறுமையை எளிதில் கடந்துவிடுகிறார்கள். பிளவர்ஸ் அவளை வீட்டுக்கு அழைத்துப் பிஸ்கட்டும் எலுமிச்சைச் சாறும் கொடுக்கிறார். டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை'யை உரக்கப் படித்துக் காட்டுகிறார். ஒரு கவிதையை மனப்பாடம் செய்து வந்து சொல்லச் சொல்கிறார். நடந்தது என்ன என்று துருவிக் கேட்பதில்லை. ஆசிரியர்கள் இரண்டு முறை படிக்க வேண்டிய இடம் இது.

நூலின் குறையும் இங்கேதான் உள்ளது. மௌனம் ஏறத்தாழ 5 ஆண்டுகள் நீடித்ததாக ஆஞ்சலோ பின்னர் நேர்காணல்களில் சொன்னார். நூலிலோ அது எப்போது, எப்படி முடிந்தது என்ற விவரம் இல்லை. ஒரே பிற்பகலில் எல்லாம் சரியாகிவிட்டது என்று மாணவர் எண்ண இடமிருக்கிறது.

ஆனால் காயம் ஆறிவிட்டதாக நூல் எங்கும் சொல்லவில்லை. அன்புக்கு ஏங்கிய குழந்தை, அவன் தன்னை அணைத்தபோது ஒரு கணம் ஆறுதல் கொண்டதையும், அதனால் வந்த குற்றவுணர்வையும் ஆஞ்சலோ மறைக்கவில்லை. இந்நூலை அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து நீக்கக் கோரியவர்கள் சுட்டிக்காட்டியவை பெரும்பாலும் இந்த வன்கொடுமைப் பகுதிகளே. பாதிக்கப்பட்ட பிள்ளைகள் வெளியே சொல்லத் தயங்குவதன் காரணத்தை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பக்கங்கள் குறைவு.

பதின்பருவத்திலும் தன் உடலைப் பற்றிய ஐயம் அவளை விடுவதில்லை. பதினாறு வயதில் தாயாகிறாள். நூலின் கடைசிக் காட்சியில், தன் உடல் குழந்தையை நசுக்கிவிடுமோ என்று பயந்து விழித்திருக்க முயல்கிறாள்; ஆனால் தூங்கிவிடுகிறாள். அவள் தாய் எழுப்பிக் காட்டும்போது, மடங்கிய அவள் கை போர்வையைக் கூடாரம்போல் தாங்கியிருக்க, அதன் கீழே குழந்தை உறங்குகிறது.