ஈஸ்டின் பி-பாடிகள்: கூடுவதும் கலைவதும்

பி-பாடிகள் என்பவை ஈஸ்ட் செல்லின் சைட்டோபிளாசத்தில், சுற்றிலும் சவ்வு இல்லாமல், தூது ஆர்.என்.ஏக்களும் புரதங்களும் ஒன்றுகூடி உருவாகும் துகள்கள். குளுக்கோஸ் கிடைக்காதபோது செல் புரத உற்பத்தியைக் குறைக்கிறது. ரைபோசோமை விட்டு விலகிய தூது ஆர்.என்.ஏக்கள் இத்துகள்களில் சேர, அவை பெரிதாகின்றன. ரைபோசோமிலிருந்து தூது ஆர்.என்.ஏவை விலகவிடாத மருந்தைக் கொடுத்தால் துகள்கள் மறைகின்றன.

அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உஜ்வல் ஷேத், ராய் பார்க்கர் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, தூது ஆர்.என்.ஏ சிதைக்கப்படும் இடம் இதுவே என்றது. ஒளிரும் புள்ளிகளாகக் கண்ணுக்கே தெரிந்ததால் இக்கருத்து எளிதில் வேரூன்றியது. 2007இல் பார்க்கரின் ஆய்வுக்குழுவே வேறொன்றைக் காட்டியது. துகள்களை ஒன்றுசேர்ப்பவை ஈ.டி.சி.3 என்ற புரதமும், எல்.எஸ்.எம்.4 புரதத்தின் வால்பகுதியும். இவை குறைபட்ட செல்களில் நுண்ணோக்கியில் தெரியும் துகள்கள் உருவாகவில்லை. ஆனாலும் தூது ஆர்.என்.ஏ சிதைவின் அடிப்படைக் கட்டுப்பாடு நடந்தது. பேருந்து நிலையத்தில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பேருந்துகளைப் பழுதுபார்ப்பதும் அங்கேதான் என்று முடிவுகட்டக் கூடாது அல்லவா! பி-பாடிகளை அறிமுகப்படுத்தும்போது இந்த இரண்டாவது முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

துகள் எப்படிக் கூடுகிறது என்பதிலேயே கவனம் குவிந்திருந்த இத்துறையில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புருஷார்த் ராஜ்யகுருவின் குழு 2022இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை, துகள் எப்படிக் கலைகிறது என்று கேட்டது. எஸ்.பி.பி.1 என்ற புரதம் இல்லாத ஈஸ்டில் பி-பாடிகள் சரிவரக் கலைவதில்லை. அப்புரதத்தில் ஆர்ஜினின், கிளைசின், கிளைசின் எனத் திரும்பத் திரும்ப வரும் பகுதியை மட்டும் கொடுத்தாலே குறை நீங்குகிறது. ஈ.டி.சி.3 மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றித்தான் துகளைக் கட்டுகின்றன, எஸ்.பி.பி.1 இடையில் நுழைந்து அந்தப் பிடிக்குப் போட்டியாகிறது.

கட்டுரையின் பலம் இந்தப் போட்டியில்தான் இருக்கிறது. செல்லில் கண்டதும், தூய்மைப்படுத்திய புரதங்களைக் கொண்டு சோதனைக்குழாயில் கண்டதும் ஒத்துப்போகின்றன. கட்டும் பிடியே கலைக்கும் இடமாகவும் இருப்பதால், துகள் உருவாகும் விதமும் இதனால் தெளிவாகிறது. சோதனைக்குழாயில் இருப்பவை சில மூலக்கூறுகள் மட்டுமே, செல்லிலோ பெரும் நெரிசல் என்ற வழக்கமான எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

நரம்புச் சிதைவு நோயோடு தொடர்புடைய இ.டபிள்யூ.எஸ்.ஆர்.1 என்ற மனிதப் புரதத்தை ஈஸ்டில் வைத்துப் பார்த்த பகுதி சற்றுத் தளர்வானது. எஸ்.பி.பி.1 இல்லாதபோது அப்புரதத்தின் திரள்கள் நீடிக்கின்றன. அப்புரதம் மிகுந்தால் ஈஸ்டின் வளர்ச்சியும் குன்றுகிறது. இது ஈஸ்டைப் பற்றிய செய்தி. மனித நரம்பணுவுக்கும் இது பொருந்துமா என்பதற்குத் தனிச் சோதனை தேவை. நோயின் பெயரைக் கண்டதும் மருந்தே கிடைத்துவிட்டதாக மாணவர்கள் எண்ணிவிடக் கூடாது.

கலையாமல் நிற்கும் துகளில் அகப்பட்ட தூது ஆர்.என்.ஏ ரைபோசோமுக்குத் திரும்பத் தாமதமாகிறதா என்பதே இக்கண்டுபிடிப்பிலிருந்து அடுத்து எழும் கேள்வி. ஒளிரும் புள்ளிகளை எண்ணி அதற்கு விடை காண முடியாது.