கேட்பது அரங்கில், தீர்ப்பது எங்கே?

2023 ஏப்ரல் 25 அன்று, கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவில், மாநில செனட்டின் நீதித்துறைக் குழு எஸ்.பி. 403 என்ற மசோதாவை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. வேலையிடத்திலும் குடியிருப்பிலும் கல்வியிலும் சாதியின் பெயரால் பாகுபாடு காட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்ய வந்த மசோதா அது. கொண்டுவந்தவர் செனட்டர் ஆயிஷா வஹாப். ஆதரிப்போரும் எதிர்ப்போருமாக நூற்றுக்கணக்கானோர் அன்று திரண்டார்கள். ஈக்வாலிட்டி லேப்ஸ் போன்ற தலித் உரிமை அமைப்புகள் ஒருபுறம். இந்து சமூகத்தை மட்டும் குறிவைக்கும் சட்டம் இது என்று வாதிட்ட ஹிந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகள் மறுபுறம். ஊரிலிருந்து கடல் கடந்து கூடவே வந்துவிட்ட சாதியைப் பற்றி, அதை அனுபவித்தவர்களே ஓர் அமெரிக்க மாநிலத்தின் சட்டமியற்றுவோர் முன் ஒலிபெருக்கியில் பேசினார்கள். குழு எதிர்ப்பு வாக்கின்றி மசோதாவை நிறைவேற்றியது.

அமெரிக்க மாநிலச் சட்டமன்றக் குழுக்கள் மக்களின் சாட்சியம் கேட்கும் முறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அதே மசோதாவின் பயணம் அந்த முறையின் குறைகளையும் காட்டிக்கொடுக்கிறது. கேட்கும் கலையில் இக்குழுக்கள் வெகுதூரம் வந்துவிட்டன. கேட்டபின் எப்படி, ஏன் தீர்மானித்தோம் என்று சொல்லும் கடமையில் பின்தங்கி நிற்கின்றன. இதுவே என் மதிப்பீடு.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். கலிபோர்னியாவில் 40 பேர் கொண்ட செனட்டும் 80 பேர் கொண்ட அசெம்பிளியும் உண்டு. ஒரு மசோதா அறிமுகமானதும் பொதுவாக 30 நாள் காத்திருக்க வேண்டும். பொதுமக்கள் அதைப் படித்தறிய அரசியல் சட்டமே தந்த அவகாசம் அது. பிறகு துறைக்குழு ஒன்றுக்குப் போகும். குழுவின் ஊழியர்கள் மசோதாவை அலசி ஓர் ஆய்வறிக்கை எழுதுவார்கள். இப்போதைய சட்டம் என்ன, மசோதா எதை மாற்றுகிறது, ஆதரவு வாதம் எது, எதிர்வாதம் எது, எந்தெந்த அமைப்புகள் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் இருக்கும். விசாரணை நாளில் மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரே குழுவின் முன் வந்து எடுத்துரைப்பார். அடுத்து இரு தரப்புச் சாட்சிகள், உறுப்பினர்களின் கேள்விகள், கடைசியில் பெயர் கூப்பிட்டு வாக்கு. நிதிச் செலவு உள்ள மசோதா அடுத்து நிதி ஒதுக்கீட்டுக் குழுவையும் கடக்க வேண்டும். ஓர் அவையில் எல்லாம் முடிந்தால், மறு அவையில் மீண்டும் முதலிலிருந்து.

இந்த முறையின் முதல் பெருமை, கதவு யாருக்கும் திறந்திருப்பது. அழைப்பு வேண்டாம், பட்டம் வேண்டாம், குடியுரிமைச் சான்றும் யாரும் கேட்பதில்லை. துப்புரவுப் பணியாளரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒரே ஒலிபெருக்கியின் முன் வந்து நிற்கலாம். இரண்டாவது, எல்லாம் பதிவாவது. 2016இல் கலிபோர்னிய வாக்காளர்கள் ஏற்றுக்கொண்ட 54ஆம் முன்மொழிவின்படி, திறந்த கூட்டங்களின் காணொளி 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற வேண்டும். 20 ஆண்டுகள் அங்கே இருக்கவும் வேண்டும். மசோதாவின் இறுதி வடிவமும் அவையின் வாக்கெடுப்புக்கு 72 மணி நேரம் முன்னதாக வெளியாக வேண்டும். நள்ளிரவில் உள்ளடக்கத்தை மாற்றிவிட்டு விடிவதற்குள் நிறைவேற்றும் பழக்கத்துக்கு அது பெரிய கடிவாளம். மூன்றாவது, எதிர்வாதத்துக்குக் கிடைக்கும் இடம். ஆளும் கட்சி உறுப்பினரின் மசோதாவே ஆனாலும் அதன் பலவீனங்களை ஆய்வறிக்கை எழுத்தில் வைக்கிறது. சட்டம் எழுதியவர் நினைத்துப் பார்க்காத விளைவை, அந்தச் சட்டத்தின் கீழ் வாழப்போகிறவர் எழுந்து சொல்கிறார். சட்டம் இயற்றும் தொழிலில் இதற்கு நிகரான பாதுகாப்பு வேறில்லை.

குறைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. கதவு திறந்திருந்தாலும் உள்ளே பேச நேரம் இல்லை. வழக்கமாக ஒவ்வொரு தரப்புக்கும் இரண்டு முதன்மைச் சாட்சிகள். ஆளுக்கு இரண்டு நிமிடம் போல. வரிசையில் நிற்கும் மற்றவர்கள் தம் பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்ற மூன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர வேண்டும். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சாக்ரமெண்டோ ஏறத்தாழ 600 கிலோமீட்டர். ஒரு நாள் கூலியை இழந்து அங்கிருந்து வரும் தொழிலாளிக்குக் கிடைப்பது ஒற்றை வாக்கியம். தலைநகரிலேயே அலுவலகம் வைத்திருக்கும் லாபியிஸ்டுக்கும் ஒலிபெருக்கியில் அதே ஒற்றை வாக்கியம்தான். ஆனால் அவர் அதற்கு முந்தைய வாரங்களில் உறுப்பினர்களின் அறைகளில் உட்கார்ந்து பேசியிருப்பார். அரங்கில் தெரியும் சமத்துவம் அரங்குக்கு வெளியே இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் தொலைபேசி வழியாகச் சாட்சியம் கேட்டார்கள். தொலைவில் இருப்பவர்களுக்கும் உடல்நலம் குன்றியவர்களுக்கும் அது பெரிய உதவி. பிறகு அந்த வழி அடைக்கப்பட்டது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. முக்கியமான பேரம் விசாரணைக்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. மசோதாவைக் கொண்டுவந்தவரும் குழுவின் ஊழியர்களும் தலைவரும் திருத்தங்களைப் பேசி முடித்த பிறகே மசோதா அரங்குக்கு வருகிறது. எஸ்.பி. 403 செனட்டைத் தாண்டி அசெம்பிளிக்குப் போனபோது அதன் உருவம் மாறியது. தனிப் பாதுகாப்பு வகையாக இருந்த சாதி, மூதாதை வழி என்ற வகையின் உட்கூறாக வைக்கப்பட்டது. மசோதாவின் உயிர்நாடியைத் தொட்ட திருத்தம் அது. அது சரியா தவறா என்று இரு பக்கமும் வாதிடலாம். ஆனால் இத்தகைய மாற்றத்துக்கு எந்தச் சாட்சியம் காரணம், எந்த வாதம் எடுபட்டது என்பதை மணிக்கணக்காக ஓடும் காணொளியில் தேடிப் பிடிக்க முடியாது.

வாக்களிக்கும் முறையிலும் ஓட்டை உண்டு. உறுப்பினர்கள் ஒரே நேரத்தில் பல குழுக்களுக்கு ஓட வேண்டியிருப்பதால், தலைவர் வாக்குப் பட்டியலை மூடாமல் வைத்திருப்பார். சாட்சியம் நடந்தபோது அறையில் இல்லாதவர் பின்னர் வந்து தன் வாக்கைச் சேர்த்துவிட்டுப் போகலாம். அவருடைய வாக்குக்கும், முழுவதும் உட்கார்ந்து கேட்டவரின் வாக்குக்கும் பதிவேட்டில் வேறுபாடு இல்லை. கேட்காமலே வாக்களிக்கலாம் என்றால், கேட்கும் சடங்கு எதற்கு என்ற கேள்வி எழாமல் போகாது.

வாக்களிக்காமல் இருப்பது அடுத்த தந்திரம். மசோதா நிறைவேற, வந்திருப்போரில் பெரும்பான்மை போதாது. மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை வேண்டும். குழுவிலும் அப்படியே, அவையிலும் அப்படியே. ஆகவே வாக்களிக்காமல் இருந்தாலே எதிர்த்து வாக்களித்த பலன் கிடைக்கும். எதிர்த்தவர் என்ற பெயர் மட்டும் வராது. எஸ்.பி. 403 அசெம்பிளியில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்தவர்கள் மூன்றே பேர். எந்தப் பக்கமும் வாக்கு இல்லாதவர்கள் 20க்கும் மேல். வராதவர் எத்தனை பேர், வந்தும் மௌனம் காத்தவர் எத்தனை பேர் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. சாதியைப் பற்றித் தம் பிரதிநிதி என்ன நினைக்கிறார் என்று அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு; அந்த இடத்தில் வெற்றுக் கோடுதான் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடியது நிதிக் குழுக்களின் ‘சஸ்பென்ஸ் ஃபைல்’. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்களை, அசெம்பிளியில் பொதுவாக 150,000 டாலருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்து நிறுத்தி வைப்பார்கள். ஆண்டுக்கு இரு முறை, மே மாதமும் ஆகஸ்ட் மாதமும், அவற்றின் முடிவைத் தலைவர் வேகமாக வாசித்துக்கொண்டே போவார். அன்று சாட்சியம் கிடையாது, விவாதம் கிடையாது. நிறுத்திவைக்கப்பட்டது என்ற ஒரு சொல்லோடு மசோதாவின் கதை முடியும். 2024 ஆகஸ்டில் 800க்கும் மேற்பட்ட மசோதாக்கள் இப்படி ஒரே நாளில் முடிவு கண்டன. அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே மடிந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்பு யாரோ வந்து சாட்சியம் சொல்லியிருந்தார்கள். எதற்காக மறுத்தோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த முறைக்கு ஒரு நியாயம் சொல்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. நிதி அளவானது. மசோதாக்களைத் தனித்தனியே பார்த்தால் எல்லாமே நல்லவையாகத் தெரியும்; சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் எதற்கு முன்னுரிமை என்று புரியும். ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மசோதாக்கள் வரும் அவையில் சலிப்பதற்கு ஒரு சல்லடை வேண்டும் என்பதும் உண்மை. மூடிய அறையில்தான் மனம் திறந்த சமரசம் பிறக்கும் என்பதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் இவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான காரணங்கள். ஒப்பிட்டபின் மௌனம் காப்பதற்கான காரணங்கள் ஆகா.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு நியூ ஹாம்ப்ஷயர் சாட்சி. 400 உறுப்பினர்கள் கொண்ட கீழவையும் 24 பேர் கொண்ட செனட்டும் உள்ள அந்தச் சிறு மாநிலத்தில் மசோதாவுக்குப் பொது விசாரணை உண்டு, குழுவின் வாக்கும் உண்டு. மசோதா குழுவிலேயே புதைந்துபோவதில்லை. நிறைவேற்றலாம் அல்லது வேண்டாம் என்ற பரிந்துரையோடு முழு அவைக்குத் திரும்புகிறது. கீழவையின் நாட்காட்டி இதழில் குழுவின் பெரும்பான்மை தன் காரணத்தைச் சில வரிகளில் எழுதி அச்சிடுகிறது. மாறுபட்ட சிறுபான்மையும் தன் காரணத்தை எழுதலாம். சாட்சியம் சொன்னவர் அதைப் படித்து, தன் வாதம் எங்கே நின்றது, எங்கே விழுந்தது என்று அறிந்துகொள்ளலாம். இதற்கும் விலை உண்டு. அந்த உறுப்பினர்களின் சம்பளம் ஆண்டுக்கு 100 டாலர் மட்டுமே. ஓய்வுபெற்றவர்களும் வசதி உள்ளவர்களும்தான் எளிதாக அந்த நாற்காலியில் உட்கார முடிகிறது. 14 லட்சம் மக்கள் உள்ள மாநிலத்தில் ஓடும் முறை, 3.9 கோடி மக்கள் உள்ள கலிபோர்னியாவுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன்.

விதி மட்டும் போதாது என்பதற்குக் கொலராடோ பாடம். 1988இல் அந்த மாநில மக்கள் நேரடி வாக்கெடுப்பில் ‘கேவல்’ எனப்படும் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். குழுவுக்கு அனுப்பப்படும் மசோதா ஒவ்வொன்றுக்கும் விசாரணையும் வாக்கெடுப்பும் கட்டாயமாயின. தலைவர் மசோதாவை மேசை இழுப்பறைக்குள் பூட்டி வைக்கும் வழக்கம் ஒழிந்தது. ஆனால் அவைத் தலைமை தனக்குப் பிடிக்காத மசோதாக்களைத் தன் சொல் தட்டாத குழு ஒன்றுக்கு அனுப்பக் கற்றுக்கொண்டது. அத்தகைய குழுவுக்கு அங்கே ‘கில் கமிட்டி’ என்றே பெயர். சாட்சிகள் நெடுநேரம் பேசுவார்கள். முடிவு மசோதா அனுப்பப்பட்ட அன்றே எழுதப்பட்டிருக்கும். ஆனாலும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. அங்கே மறுத்தவர்களின் பெயர் பதிவேட்டில் நிற்கிறது. அடுத்த தேர்தலில் அவர்களைக் கேள்வி கேட்க முடியும்.

எஸ்.பி. 403 இரு அவைகளையும் கடந்து ஆளுநர் கேவின் நியூசமின் மேசைக்குப் போனது. 2023 அக்டோபர் 7 அன்று அவர் அதைத் திருப்பி அனுப்பினார். இப்போதுள்ள சட்டங்களே இத்தகைய பாகுபாட்டைத் தடை செய்கின்றன, ஆகவே இது தேவையில்லை என்று காரணமும் எழுதினார். அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் அது எழுத்தில் இருக்கிறது. அதை எதிர்த்து வாதிடலாம், நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டலாம், சட்டத்தில் சாதி ஏற்கெனவே அடங்கும் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்களே என்று நாளை கேட்கலாம். ஒரு மசோதாவை மறுக்கும் ஆளுநர் தன் ஆட்சேபத்தை எழுதியாக வேண்டும். அதையே செய்யும் நிதிக் குழு வாய் திறக்க வேண்டியதில்லை. இந்த முரண்பாட்டை எந்த வேலைப்பளுவும் நியாயப்படுத்தாது.

ஆகவே நான் கேட்கும் மாற்றங்கள் எளியவை. நிறுத்திவைக்கப்படும் ஒவ்வொரு மசோதாவுக்கும் பெயர் கூப்பிட்டு வாக்கு வேண்டும். காரணம் சில வரிகளிலாவது எழுத்தில் வேண்டும். சாட்சியத்தின்போது அறையில் இருந்தவர் யார் என்பதும், வாக்களிக்காதவர் வராமல் இருந்தாரா வந்தும் விலகினாரா என்பதும் வாக்குப் பதிவோடு சேர்ந்து வர வேண்டும். தொலைவிலிருந்து பேசும் வழி திரும்பத் திறக்க வேண்டும். இவற்றுக்குப் பெரும் பணமோ அரசியல் சட்டத் திருத்தமோ தேவையில்லை. அவைகள் தம் விதிகளைத் தாமே மாற்றிக்கொண்டால் போதும்.

தன் வாழ்வில் பட்ட இழிவை அந்நியர்கள் முன் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிப்பது சுலபமான காரியம் அல்ல. அதைச் செய்ய ஒருவரை அழைக்கும் அவை, அவர் சொன்னதை என்ன செய்தது என்று அவருக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. மக்களாட்சியில் தோற்பது இயல்பு. ஏன் தோற்றோம் என்று தெரிந்தால்தான் அடுத்த முறை திருத்திக்கொண்டு திரும்ப வர முடியும். காரணம் சொல்லும் குழுவின் முன்தான் மக்கள் நம்பிக்கையோடு மறுபடியும் வந்து பேசுவார்கள்.