நீதிபோதனையும் அரிவாளும்

பள்ளிக்கூடத்து நேரப்பட்டியலில் ‘நீதிபோதனை’ என்று ஒரு பாடவேளை முன்னாளில் இருந்தது. அது மறைந்தமையால்தான் மாணவர் கையில் அரிவாள் ஏறிற்று என்று பள்ளிவாசல் திண்ணையிலும் மணவீட்டுப் பந்தலிலும் நம்மவர் பலர் பேசக் கேட்கின்றோம். பேசுவோரின் கவலை மெய்யானது. ஆயின் அவர்கள் சொல்லும் காரணமும் மெய்தானா என்பதை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

2023 ஆகஸ்ட் 9 அன்று நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு பயின்ற தலித் மாணவர் ஒருவரை உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் வெட்டுண்டாள். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் தன் வகுப்புத் தோழனை வெட்டினான். இடைமறித்த ஆசிரியையும் காயமுற்றார். இத்தகைய செய்திகளைக் கேட்டு நெஞ்சு பதைப்பவர்கள், “அறம் கற்பியுங்கள்” என்று குரல் எழுப்புவது இயல்பே.

அக்குரல் புதிதன்று. திருக்குறளின் அறத்துப்பால், பொருட்பால் ஆகியவற்றின் 108 அதிகாரங்களையும் பள்ளிப் பாடத்திட்டத்தில் சேர்க்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016ஆம் ஆண்டிலேயே பணித்தது. மறு ஆண்டில் அரசும் ஆறு முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 105 அதிகாரங்களை வகுத்தளித்தது. குறளைப் படிப்பதால் கேடு எதுவும் இல்லை. ஆனால் நாங்குநேரி அதற்குப் பின்னரே நிகழ்ந்தது என்பதையும் மறத்தலாகாது.

‘பழைய நீதிபோதனை’ என்னும் வாதத்தையும் சற்று உரைத்துப் பார்ப்போம். 1989ஆம் ஆண்டில் நம் போடிநாயக்கனூர் வட்டாரத்தில் சாதிக் கலவரம் மூண்டு பல உயிர்களைக் குடித்தது. அன்று ஆயுதம் எடுத்தவர்களில் பள்ளிக்கூடம் கண்டவர்கள், நீதிபோதனைக் காலத்தில் படித்தவர்களே. முல்லைப் பெரியாற்று நீர் ஒரே வாய்க்காலில் வந்து எல்லோர் வயலிலும் பாயும் பள்ளத்தாக்கு இது. அந்நீர் கற்பிக்காத சமத்துவத்தை வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை கற்பித்துவிடும் என்று எதிர்பார்த்தோமா? அப்பாடவேளையும் பல நாள்களில் கணக்காசிரியரிடம் கடனாகப் போய்விடும் என்பதை அக்காலத்து மாணவர் அறிவர்.

அமெரிக்காவில் ஹார்ட்ஷோர்ன், மே என்னும் அறிஞர் இருவர் ஏறத்தாழ 11,000 சிறுவர்களைச் சோதித்து, 1928 முதல் தம் முடிவுகளை நூல்களாக வெளியிட்டனர். நேர்மை இன்னதென்று அறிந்திருப்பது வேறு, நேர்மையாக நடப்பது வேறு என்பதே அவர்கள் கண்டது. சூழ்நிலை மாறும்போது அதே சிறுவனின் நடத்தையும் மாறிற்று.

நம் மதரஸாக்களில் கிதாபு ஓதியவர்களுக்கு இது வியப்பளிக்காது. அழகிய கையெழுத்தை விரும்புபவன் எழுதி எழுதியே அதை அடைவதுபோல, நற்குணமும் செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதால் படிவது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா உலூமித்தீ’னில் விளக்கியுள்ளார்கள். தஃலீம் என்பது வேறு, தர்பியத் என்பது வேறு. முன்னதை நாவு ஏற்கும். பின்னதை நாள்தோறும் நடக்கும் நடத்தையே ஏற்கும்.

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர்க் குழு, 2024 ஜூன் 18 அன்று தன் அறிக்கையை அளித்தது. ஆறாம் வகுப்பு முதல் அறநெறி வகுப்பு நடத்துக என்பதும் அதன் பரிந்துரைகளுள் ஒன்று. ஆயினும் அவ்வறிக்கையின் வலிமை அந்த ஒரு வகுப்பில் இல்லை. மாணவரை அகர வரிசையில் அமர்த்துக, சாதி காட்டும் கைக்கயிறும் மோதிரமும் கூடாது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதியை நீக்குக, வட்டாரத்துப் பெரும்பான்மைச் சாதியினரை அங்கேயே தலைமையாசிரியராக அமர்த்தாதீர் என்பன போன்ற பரிந்துரைகளே பள்ளியின் நடைமுறையைத் தொடுகின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ‘கள்ளர் சீரமைப்பு’ என்னும் பெயர்ப்பலகையின் கீழ் நெடுங்காலம் பள்ளிகள் நடந்து வந்துள்ளன. வாயிலில் சாதிப் பெயரை எழுதிவிட்டு உள்ளே சாதி இல்லை என்று பாடம் நடத்தினால், பிள்ளை எதை நம்பும்? கயிற்றை அறுப்பதால் மட்டும் மனம் மாறாது என்பாரும் உளர். உண்மையே, ஆனால் கயிற்றை அனுமதித்துக்கொண்டு மனத்தை மாற்றுவது அதனினும் அரிது.

பள்ளிகளில் நிகழும் கேலி, மிரட்டல், துன்புறுத்தல் பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஃபாரிங்டன், டோஃபி என்னும் ஆய்வாளர்கள் 2009இல் தொகுத்து ஆராய்ந்தனர். முறையான திட்டம் நடந்த பள்ளிகளில் துன்புறுத்தல் சராசரியாக 20 முதல் 23 விழுக்காடு குறைந்திருந்தது. பயன் மிகுந்த திட்டங்களில் பெற்றோர் கூட்டங்களும் விளையாட்டிடக் கண்காணிப்பும் இடம்பெற்றிருந்தன. கேலி வேறு, அரிவாள் வேறு எனலாம். ஆனால் நாங்குநேரியிலும் முதலில் நிகழ்ந்தது துன்புறுத்தலே. அதைத் தாங்காது அம்மாணவர் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தினார். பின்பு புகார் சொன்னார். அதற்குப் பின்பே வெட்டுண்டார். கதவை அடைக்க வேண்டிய இடம் அதுவே.

பிறரைச் சொல்லி நம்மைத் தப்புவிப்பது நேர்மையாகாது. என் இளமையில் மக்தபு ஒன்றில் ஓதிக்கொடுத்த நாள்களில், கோபத்தை அடக்குவது பற்றிய பாடத்தைப் பிழையாக ஒப்பித்த சிறுவனைப் பிரம்பால் அடித்தேன். அன்று மாலையே அவன் தன்னினும் சிறியவன் ஒருவனை, என்னைப்போலவே புருவத்தை நெறித்துக்கொண்டு அடிக்கக் கண்டேன். நான் நாவால் கற்பித்தது ஒன்று, கையால் கற்பித்தது வேறொன்று. அவன் இரண்டாவதையே பிழையின்றிக் கற்றிருந்தான். கடுமையால் வளர்க்கப்படும் மாணவன் பொய்யையும் பாசாங்கையும் கற்பான் என்று இப்னு கல்தூன் பதினான்காம் நூற்றாண்டிலேயே எழுதியதை அதற்கு முன்பே நான் ஓதியிருந்தேன் என்பதுதான் வெட்கத்திற்குரியது.

ஆகவே அறவகுப்பு வேண்டாம் என்பதன்று என் கருத்து. அது வேண்டும்; ஆனால் அது பள்ளியின் நடத்தைக்கு உரையாக இருக்க வேண்டுமேயன்றி, அதற்கு மாற்றாக இருத்தலாகாது. பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர், “நீதிபோதனை உண்டா?” என்று கேட்பதோடு நில்லாமல், “துன்புறுத்தப்பட்டதாகப் புகார் சொல்லும் பிள்ளைக்கு இங்கே மறுநாள் என்ன நேர்கிறது?” என்றும் கேட்கட்டும். அதே கேள்வியை நம் மக்தபு வாசலிலும் கேட்கட்டும்.