7.3 கோடியில் ஒன்று: எல்லாரும் திருத்தும் பிழையும், விட்டுவிடும் பிழையும்

நிகழ்தகவு அறிமுகக் கட்டுரைகளில் இங்கிலாந்தின் சாலி கிளார்க் வழக்கு அடிக்கடி வரும். அந்தக் கட்டுரைகள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. பல கட்டுரைகள் பாதியிலேயே நின்றுவிடுகின்றன.

வழக்கு இதுதான். சாலி ஒரு வழக்கறிஞர். அவருடைய கைக்குழந்தைகள் இருவர், ஒன்று 1996 இறுதியிலும் இன்னொன்று 1998 தொடக்கத்திலும் இறந்துபோயின. அவரே கொன்றார் என்று குற்றச்சாட்டு. 1999 விசாரணையில் குழந்தை மருத்துவர் ராய் மெடோ சாட்சி சொன்னார்: வசதியான, புகைபிடிக்காத இப்படியொரு குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் வாய்ப்பு 8,543-ல் ஒன்று. இரண்டு குழந்தைகள் என்றால் அதை அதாலேயே பெருக்கு, சுமார் 7.3 கோடியில் ஒன்று. வேறு மருத்துவச் சாட்சியங்களும் இருந்தன. ஜூரி 10-க்கு 2 என்று குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. ஆயுள் தண்டனை.

வழக்கமான விமர்சனம் அந்தப் பெருக்கலைப் பிடித்துக்கொள்ளும். நியாயம்தான். அதே மரபணு, அதே வீடு. முதல் குழந்தை இறந்திருக்கும்போது இரண்டாவதும் இறக்கும் வாய்ப்பு 8,543-ல் ஒன்றாகவே இருக்கும்னு எப்படிச் சொல்ல முடியும்?

சரி, அதைத் திருத்திவிட்டோம், விடை 10 லட்சத்தில் ஒன்று என்று வந்தது என வைத்துக்கொள்வோம். கேட்பவர் மனசு மாறுமா? மாறாது. ஏன்னா பெரிய பிழை அப்படியே இருக்கு. அந்த எண், "சாலி நிரபராதி என்றால் இப்படி நடக்கும் வாய்ப்பு". நமக்கு வேண்டியதோ, "இப்படி நடந்துவிட்டது, அவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு". இரண்டும் ஒன்றல்ல. லாட்டரியில் நேர்மையாக ஒருத்தருக்குப் பரிசு விழும் வாய்ப்பு கோடியில் ஒன்று. அதற்காகப் பரிசு வாங்கினவரைத் திருடன் என்போமா?

தராசுக்கு இன்னொரு தட்டும் உண்டு. ஒரு தாய் தன் இரு கைக்குழந்தைகளையும் கொல்வது எவ்வளவு அபூர்வம்? அதுவும் மிக அபூர்வம்தான். கணிதப் பேராசிரியர் ரே ஹில் இரண்டையும் ஒப்பிட்டு, இரட்டைக் கொலையைவிட இரட்டைத் திடீர் மரணத்துக்கே வாய்ப்பு 4.5 முதல் 9 மடங்கு அதிகம் என்று மதிப்பிட்டார்.

2001-இல் ராயல் ஸ்டாட்டிஸ்டிகல் சொசைட்டி இரண்டு பிழைகளையும் பகிரங்கமாகச் சுட்டிக்காட்டியது. ஆனாலும் 2003-இல் தண்டனை ரத்தானதற்கு முக்கியக் காரணம் கணிதம் இல்லை. இரண்டாவது குழந்தையின் நுண்ணுயிர்ப் பரிசோதனை முடிவுகள் எதிர்த்தரப்புக்குத் தரப்படாமல் இருந்தது அப்போதுதான் வெளியே வந்திருந்தது. 2007-இல் சாலி இறந்துபோனார்.

இனி யாராவது "கோடியில் ஒன்று" என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். எது உண்மை என்று வைத்துக்கொண்டு வந்த எண் இது? மற்ற விளக்கம் எத்தனையில் ஒன்று?