ஒரு நண்பகலும் ஓர் ஊரும்

வேளாங்கண்ணி அன்னையின் திருத்தலத்தைத் தரிசித்துத் திரும்பும் கேரளத் திருப்பயணியர் பலர் நம் திண்டுக்கல் வழியாகவே ஊர் திரும்புகின்றனர். ஆகஸ்ட் 29-இல் கொடியேறிச் செப்டம்பர் 8-இல் நிறைவுறும் பெருவிழா நாள்களில் அவர்தம் வண்டிகளை நெடுஞ்சாலையில் காணாதவர் நம்மில் இலர். நாம் காண்கிறோம், அவை கடந்து போகின்றன. அவ்வண்டி ஒன்றிலிருந்து ஒருவர் இடைவழியில் இறங்கி, நம் வீட்டுக்குள் நுழைந்து, இது தம் வீடு என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? இக்கேள்வியைத்தான் 'நண்பகல் நேரத்து மயக்கம்' என்னும் மலையாளத் திரைப்படம் நம்முன் வைக்கிறது.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்க, எஸ். ஹரீஷ் திரைக்கதை எழுத, மம்மூட்டி தாமே தயாரித்து நடித்த படம் இது. 2022 டிசம்பரில் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டு, 2023 ஜனவரியில் அரங்குகளுக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்கும் சிறந்த நடிகருக்கும் உரிய கேரள அரசின் விருதுகளைப் பெற்றது. இதன் பெரும்பகுதி நம் மாவட்டத்துப் பழனியை அடுத்த சிற்றூர்ப் புறத்தில் படமாக்கப்பட்டது. மலையாளப் படம் எனினும், அதில் மிகுதியாக ஒலிப்பது தமிழே.

கதையைச் சுருங்கச் சொல்லலாம். ஜேம்ஸ் என்பவர் தம் குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் வேளாங்கண்ணியிலிருந்து ஊர் திரும்புகிறார். தமிழ்நாட்டு உணவு அவருக்குப் பிடிக்கவில்லை. நம் பாட்டும் பிடிக்கவில்லை. நண்பகலில் வண்டியில் அனைவரும் உறங்குகின்றனர். விழித்தெழும் ஜேம்ஸ் வண்டியை நிறுத்தச் சொல்கிறார். இறங்கிச் சோளக்காட்டின் ஊடே நடந்து ஓர் ஊருக்குள் புகுகிறார். அங்குள்ள ஒரு வீட்டில் உரிமையோடு நுழைகிறார். அந்த வீட்டுக்காரரான சுந்தரம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணாமற்போனவர். ஜேம்ஸ் இப்போது சுந்தரமாகவே பேசுகிறார்; சுந்தரமாகவே நடக்கிறார். ஊர்த் தெருக்களும் ஊர் மக்களின் பெயர்களும் அவருக்குத் தெரிந்திருக்கின்றன. அவரை விட்டுச் செல்ல இயலாத திருப்பயணியர் அறியாத ஊரில் இரவைக் கழிக்கின்றனர். மறுநாள் நண்பகலில் உண்டு உறங்கி எழுந்தவர் மீண்டும் ஜேம்ஸ் ஆகிவிடுகிறார். வண்டி புறப்படுகிறது.

வழியில் தங்க நேர்ந்தவர் அன்பைக் கண்டடையும் கதைகள் திரையுலகிற்குப் புதியன அல்ல. அண்மையில் நம் நெஞ்சைத் தொட்டது, ச. பிரேம்குமார் இயக்கி 2024 செப்டம்பரில் வெளியான 'மெய்யழகன்'. தங்கையின் திருமணத்திற்காக நீடாமங்கலம் வரும் ஒருவர் பேருந்தைத் தவறவிட்டு, பெயர்கூட நினைவில் இல்லாத உறவினர் ஒருவரின் வீட்டில் தங்குகிறார். அந்த வீடு அவர்மீது அன்பைப் பொழிகிறது. அப்படத்தைக் கண்டு கண்கலங்கியவர் பலர். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே குற்றவுணர்வு முழுவதும் விருந்தினரைச் சார்ந்தது. விருந்தளிப்பவருக்கோ கொடுப்பதே மகிழ்ச்சி. அவர் இழப்பது ஒன்றுமில்லை. பார்க்கும் நமக்கும் அது இனிக்கிறது. நாமும் அத்தகையவர்களே என்று நம்பிக்கொண்டு அரங்கை விட்டு வெளியே வருகிறோம்.

'நண்பகல் நேரத்து மயக்கம்' அந்த இனிமையை நமக்கு எளிதில் தருவதில்லை. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். விருந்தினர் என்போர் புதியவர். புதியவருக்கு இலை போடுவது நமக்குக் கடினமன்று. ஒரு வேளைச் சோறும், ஒரு பாயும், நான்கு நல்ல சொற்களும் போதும். இப்படத்திலோ வந்தவர் புதியவராக வரவில்லை. அந்த வீட்டின் பழைய ஆளாக, அந்த வீடு அழுது அழுது ஆற்றிவைத்த புண்ணாக வருகிறார். அவர் கேட்பது சோறு அன்று, இறந்தவனாகவே ஊர் எண்ணத் தொடங்கிவிட்ட ஒருவனின் இடம். இதைக் கொடுப்பது எப்படி? மறுப்பது எப்படி?

அந்த வீட்டார் ஒவ்வொருவரும் இக்கேள்விக்கு ஒவ்வொரு விதமாக விடையளிக்கின்றனர். பார்வையற்ற தாய், நாள் முழுதும் தொலைக்காட்சியின் குரல்களைக் கேட்டுக்கொண்டிருப்பவர், வந்தவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொள்கிறார். முகத்தைக் காண இயலாத அவருக்கு ஐயம் எழவில்லை. மகளால் ஏற்க இயலவில்லை. அவளுடைய சினம் நேர்மையானது. தந்தையின் இடத்தில் வேறொருவர் அமர்வதை எந்தப் பிள்ளை பொறுப்பாள்? மனைவி பூங்குழலி ஏற்கவும் முடியாமல் விரட்டவும் முடியாமல் நிற்கிறாள். ரம்யா பாண்டியன் இப்பாத்திரத்தைச் சொற்களால் அன்றி, நிற்கும் நிலையாலும் பார்வையாலும் நடித்துக் காட்டியிருக்கிறார். ஊராரும் முதலில் திகைக்கின்றனர். சிலர் சினம் கொள்கின்றனர். ஆனால் எவரும் அவரை அடித்துத் துரத்தவில்லை. அயலூரார் அந்த இரவு அங்கே தங்க முடிகிறது. ஊர் செய்த பேரறம் இவ்வளவுதான்: ஒரு நாள் பொறுத்தது. இப்பொறுமைக்கு அந்த ஊர் கொடுத்த விலையைப் படம் மறைக்கவில்லை. அதனால்தான் இந்த அன்பை நாம் நம்புகிறோம்.

வண்டியில் வந்தவர்களையும் மறக்கலாகாது. நம் உணவில் குறை கண்டவரே மறுநாள் நம் ஊர்க்காரராகச் சோறுண்கிறார். நம் பேச்சைத் தம் பேச்சாகப் பேசுகிறார். மற்றவர்களோ, திருத்தலத்தில் மன்றாடி முடித்துத் திருப்பயணம் நிறைவுற்றது என்று எண்ணியிருந்தவர்கள். திருப்பயணம் நிறைவுறவில்லை; திரும்பும் வழியில்தான் அது அவர்களைச் சோதித்தது. அயலார் வாசலில் கையற்று நின்று, அவர்களின் இரக்கத்தை நம்பி ஓர் இரவைக் கழிக்கும் எளிமை அவர்களுக்கு வேண்டியிருந்தது. கொடுப்பவர் கதைகளை நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். பெற்றுக்கொள்ளக் கற்பவர் கதை அரிது.

படத்தின் கலை இக்கருத்துக்குத் துணை நிற்கிறது. தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவுக் கருவி பெரும்பாலும் அசையாமல் ஓரிடத்தில் நிற்கிறது. தெருவும் திண்ணையும் வாசற்படியும் சட்டத்துக்குள் அமைதியாக இருக்க, மனிதர் அவற்றினுள் வந்து போகின்றனர். ஊர் நிலையானது, வருபவர் நிலையற்றவர் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வீடுதோறும் பழைய தமிழ்ப் படங்களின் பாட்டும் உரையாடலும் ஓயாமல் ஒலிக்கின்றன. அவை வேறொரு பின்னணி இசையைத் தேவையற்றதாக்குகின்றன. சில இடங்களில், பாத்திரங்கள் சொல்லாததை அவையே சொல்லிவிடுகின்றன. தொடக்கத்தில் விடுதிச் சுவரில் காணும் திருக்குறள் சாவை உறக்கத்துக்கும் பிறப்பை விழிப்புக்கும் ஒப்பிடுகிறது. பின்வரும் கதை முழுவதற்கும் அதுவே திறவுகோல். மம்மூட்டி ஒரே உடலில் இருவரைக் காட்டுகிறார். அதற்கு ஒப்பனையை நாடவில்லை. குரலும் நடையும் அமரும் விதமும் போதுமாயின.

குறைகளும் உண்டு. பூங்குழலியின் மௌனம் அழகானதே. ஆனால் அம்மௌனத்துக்குள் என்ன இருந்தது என்று அறிய இயக்குநர் போதிய ஆர்வம் காட்டவில்லை. ஜேம்ஸின் மனைவிக்கும் இதே நிலை. இரு பெண்கள் ஒரே ஆணை முன்னிட்டு ஒரே நாளில் வேதனைப்படுகின்றனர். அவர்கள் இருவரும் மனந்திறந்து பேசியிருந்தால் படம் இன்னும் ஆழம் பெற்றிருக்கும். மேலும், வண்டி புறப்பட்டதும் கதை நின்றுவிடுகிறது. அதன் பின் அந்த வீட்டில் அன்று மாலை விளக்கேற்றியவர் யார், அந்தத் தாய்க்கு என்ன சொன்னார்கள் என்பதை நாமே எண்ணிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நடந்தது கனவா, ஆவியா, மனநோயா என்று விளக்கவில்லை என்பது சிலர் கூறும் குறை. அதை நாம் குறையாகக் கருதவில்லை. வந்தவரின் காரணம் முழுதும் தெரிந்த பிறகே கதவைத் திறப்பது என்றால், எந்தக் கதவும் திறவாது.

தொடக்க நூலின் 18-ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் தம் கூடார வாயிலில் அமர்ந்திருந்ததும் வெயில் கடுமையான நேரமே. மூவர் வந்து நின்றனர். அவர்கள் யார் என்று கேட்பதற்கு முன்பே அவர் ஓடிச் சென்று வணங்கித் தங்கச் சொன்னார். எம்மாவுக்குச் சென்ற சீடரும் உடன் வந்தவர் யாரென்று அறியாமலேயே மாலையில் தங்கும்படி அவரை வற்புறுத்தினர். அப்பம் பிட்கையில் அறிந்தனர். அறிந்ததும் அவர் மறைந்தார். இவ்விரு நிகழ்வுகளிலும் வந்தவர் யார் என்ற தெளிவு பின்னர்தான் பிறந்தது. வரவேற்பு முன்னரே நடந்துவிட்டது. இத்திரைப்படத்து ஊரும் அவ்வரிசையில் நிற்கத் தக்கது. ஒரு வேறுபாடு: அந்த ஊருக்குப் பரிசாக வாக்குறுதியும் கிடைக்கவில்லை, காட்சியும் கிடைக்கவில்லை. வண்டி கிளப்பிய புழுதிதான் மிஞ்சியது.

நாம் வாழும் நிலம் வழிப்போக்கரின் நிலம். தைப்பூச நாள்களில் பழனிக்கு நடந்து செல்வோர்க்கு நீரும் மோரும் சோறும் வழங்குவதில் இவ்வூரார் சமயம் பார்ப்பதில்லை. அது நம் பெருமை. ஆனால் அவர்கள் கடந்து செல்பவர்கள். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு வட மாநிலங்களிலிருந்து வந்துள்ள இளைஞர்களோ தங்குபவர்கள். அவர்கள் நம்மிடம் கேட்பது ஒரு குவளை நீர் அன்று. வாடகைக்கு ஒரு வீடு, கோவிலில் ஒரு வரிசை, தெருவில் ஒரு பெயர். நமக்கு உரியது என்று நாம் எண்ணியிருந்த இடத்தில் சிறிது அவர்கள் கேட்கின்றனர். அங்கேதான் நம் விருந்தோம்பல் தயங்குகிறது.

பழனியை அடுத்த அந்தச் சிற்றூர், திரையில் ஒரே ஒரு நாள் தயங்காமல் நின்றது. அதைக் காண்பதற்காகவேனும் இப்படத்தைக் குடும்பத்தோடு ஒருமுறை பார்க்கலாம். பார்த்து முடித்த பின், வீட்டில் யாருடைய இடத்தை யாருக்கு விட்டுக்கொடுக்க நம்மால் முடியும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளலாம்.